மூன்று அங்குலம்

விபத்து இழப்பீட்டுக் கட்டு ஒன்று மேசைக்கு வந்தால் எஃப்.ஐ.ஆரைப் பிரிப்பதற்கு முன்பே நான் தேடி எடுப்பது பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கையை. அரசாங்கத் தாளில் அவர் மோட்டார் வாகன ஆய்வாளர். எங்கள் பக்கத்தில் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். காவல் நிலைய வளாகத்தில் நிறுத்திவைத்த வண்டியைச் சுற்றி வருவார், ஓடுகிற நிலையில் இருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்ப்பார், படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். கடைசிக் கலத்தில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் இருக்கும்: விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததல்ல. நான் சொல்லவரும் வழக்கில் அந்த வாசகம் இல்லை. பின்பக்க பிரேக் ஹோஸ் முனையில் விட்டிருக்கிறது, ஆகவே பிரேக்கைச் சோதிக்க இயலவில்லை என்று கையால் எழுதியிருந்தார்.

விபத்து 2017-இல், போடிமெட்டுச் சாலையில் நடந்தது. கொச்சியிலிருந்து மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாக தொண்டி போகிற 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, போடிநாயக்கனூரைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளாக மலை ஏறுகிறது. எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கி வந்த ஒரு மஹிந்திரா எம்.எம். 540 ஜீப், வளைவில் நிற்காமல் எதிர்ப்பக்கம் போய், மேலே ஏறிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளை மலையோடு வைத்து அடித்தது. பைக்கில் வந்தவர் கொத்தனார், 38 வயது. மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், வயதான தாய். அந்த நான்கு பேரும் என் மனுதாரர்கள்.

ஜீப் ஒரு ஏலத்தோட்டக்காரர் பெயரில் இருந்தது. ஓட்டியவர் அவரிடம் சம்பளத்துக்கு இருந்த டிரைவர். வண்டிக்குத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் இருந்தது. டிரைவருக்கு லைசென்ஸும் சரியாக இருந்தது. இது போதும், வழக்கு நேராகப் போய்விடும் என்றுதான் எந்த வக்கீலும் நினைப்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் போட்ட எதிருரையும் வழக்கமான அச்சுதான்: விபத்தே மறுக்கப்படுகிறது, வயது மறுக்கப்படுகிறது, வருமானம் மறுக்கப்படுகிறது. உரிமையாளர் தரப்பு மட்டும் புதிதாக ஒன்று சொன்னது. டிரைவர் மீது தவறில்லை, பிரேக் திடீரென்று ஃபெயிலியர் ஆகிவிட்டது, அது யாராலும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாத கோளாறு என்றது.

சில மாதங்கள் கழித்துக் கம்பெனி கூடுதல் எதிருரை தாக்கல் செய்தது. அவர்களுடைய விசாரணையாளர் ஜீப்பின் அடியில் படுத்து எடுத்த புகைப்படங்கள் அதோடு வந்தன. பல வருடச் சேறு அப்பிய ஒரு பழைய ஜீப். அதன் வயிற்றுக்கடியில் சிவப்புப் பெயின்ட் மங்காத நான்கு ஷாக் அப்சார்பர்கள், கறுப்பு மினுமினுப்போடு புதுக் கமான் பட்டைகள், துரு ஏறாத யூ போல்ட்டுகள். வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தியிருக்கிறார்கள், அதுவும் பட்டறையில் அல்ல, வீட்டில் வைத்து. இது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுக்கு விரோதம், பாலிசி நிபந்தனைக்கும் விரோதம், ஆகவே நாங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

என் மனுதாரரிடம் இதைச் சொன்னபோது அந்த அம்மா கேட்டார்: "அவங்க வண்டிய ஒசத்துனதுக்கும் எங்க வீட்டுக்காரரு போனதுக்கும் என்னங்கய்யா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறதென்று நிரூபித்தால் உரிமையாளரின் அலட்சியம் உறுதியாகும். அதே நிரூபணத்தைக் கம்பெனி கையில் எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, நிபந்தனை மீறல்தான் விபத்துக்கே காரணம் என்று நழுவப் பார்க்கும். சம்பந்தம் இல்லை என்றால் உரிமையாளரின் 'திடீர் பிரேக் ஃபெயிலியர்' கதைக்கு உயிர் வரும். தோட்டக்காரர் மீது மட்டும் தீர்ப்பு வாங்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஏலக்காய் விலை விழுந்த வருடத்தில் அமீனாவை அனுப்பி என்னத்தை ஜப்தி செய்வது? பணம் கம்பெனியிடமிருந்து வர வேண்டும், அதற்கான குற்றம் உரிமையாளர் மீது விழ வேண்டும். என் ஜூனியர், நாம் உயர்த்திய விஷயத்தில் வாயே திறக்காமல் இருந்துவிடலாமே சார் என்றார். கெட்ட யோசனை இல்லை. 2001-இல் கௌஷ்னுமா பேகம் வழக்கில் உச்ச நீதிமன்றம், முன்சக்கரம் வெடித்துக் கவிழ்ந்த ஒரு ஜீப் வழிப்போக்கர் ஒருவரைக் கொன்ற சம்பவத்தில், அலட்சியம் நிரூபிக்கப்படாவிட்டாலும் உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு என்று சொல்லியிருக்கிறது. அதை வைத்தே ஓட்டியிருக்கலாம். ஆனால் எதிராளி புகைப்படத்தோடு வந்து நிற்கும்போது அதைப் பார்க்காதவர் போல நடிப்பது நீதிபதி முன் எடுபடாது. தவிர, அந்த ஹோஸ் ஏன் விட்டது என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

தேனியில் லாரிகளுக்குக் கமான் பட்டை கட்டும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். மேஸ்திரி புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வேலை சுத்தமாத்தான் பண்ணியிருக்கான் சார்" என்பதே அவர் சொன்ன முதல் வார்த்தை. பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதிது போட்டிருக்கிறான், சென்டர் போல்ட் ஆக்சில் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறது, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைத்து ஏமாற்றாமல் வளைவு கூடுதலான பட்டை செட்டையே மாற்றியிருக்கிறான் என்று நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டே போனார். எனக்கு அது உவப்பாக இல்லை.

பிறகு வேலைக்கு வந்திருந்த ஒரு ஜீப்பின் அடியில் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சேஸிஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரே ஒரு ரப்பர் ஹோஸ் இறங்குகிறது. ஆக்சில் மேலும் கீழும் ஆடுவதால் அங்கே மட்டும் இரும்புக் குழாய் ஆகாது. வண்டி தரையில் நின்றபோது அது நன்றாகத் தொய்ந்து தொங்கியது. இரண்டு பையன்களை விட்டு, ஜாக்கியைச் சேஸிஸுக்குக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கச் சொன்னார். சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. ஆக்சில் தன் எடையிலேயே கீழே இறங்கியது. ஹோஸின் தொய்வு குறைந்தது, ஆனாலும் மிச்சம் இருந்தது. "எதுல நிக்குது பாருங்க" என்றார். ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டு, அதற்கு மேல் போக வழியில்லாமல் ஆக்சிலைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அவர் ஒரு பக்க ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றச் சொன்னார். ஆக்சில் அந்தப் பக்கம் இன்னும் இறங்கியது. ஹோஸ் வீணைத் தந்தியாக விறைத்தது.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஜீப்பை உயர்த்துகிறவர்கள் பட்டையோடு சேர்த்து நீளமான ஷாக் அப்சார்பரும் போடுகிறார்கள். போட்டாக வேண்டும், பழையது எட்டாது. ஆனால் பழைய ஷாக் அதிர்வைத் தாங்கியதோடு இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. ஆக்சில் எவ்வளவு தூரம் கீழே தொங்கலாம் என்பதற்கு அதுதான் எல்லை. அதை நீளமாக்கியதும் எல்லை அடுத்த குட்டையான பொருளுக்கு மாறுகிறது. ஹோஸை மாற்றாவிட்டால் அந்தப் பொருள் ஹோஸ்தான். எஸ்டேட் பாதையில் பள்ளத்துக்குப் பள்ளம் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஆக்சிலின் பாரத்தை அந்த ரப்பர் குழாய் தாங்கும். நடுவில் அறாது, முனையில் இரும்போடு சேர்த்து நெரித்திருக்கும் இடத்தில் மெல்லக் கசியத் தொடங்கும். நீளமான ஹோஸ் ஒன்றைப் போட்டிருந்தால் வழக்கே இல்லை. அந்த ஹோஸின் விலையை அவரிடம் கேட்டேன். கட்டுகளுக்கு நான் வாங்கும் சிவப்பு நாடாவுக்கு ஒரு வருடம் ஆகும் செலவைவிடக் குறைவு.

பிரேக் இன்ஸ்பெக்டரைக் கம்பெனி சாட்சியாக அழைத்தது. வண்டி உயர்த்தப்பட்டிருந்ததைக் கவனித்தீர்களா என்று கம்பெனி வக்கீல் கேட்டதற்கு, கவனிக்கவில்லை என்றார். நேர்மையான பதில். உரிமையாளரின் வக்கீல், மோதலில்தான் ஹோஸ் கழன்றிருக்கும் என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தார். என் முறை வந்தபோது நான் கேட்டது இரண்டே விஷயம். மோதிய இடம் முன் பம்பர். ஹோஸ் இருப்பது பின் ஆக்சிலின் நடுவில். இடையில் எந்தச் சேதமாவது உண்டா? இல்லை. புகைப்படத்தில் ஹோஸ் முனையைச் சுற்றி விசிறி போல் புழுதி அப்பியிருக்கிறதே, காய்ந்த இரும்பில் அப்படி அப்புமா? யோசித்துவிட்டு, எண்ணெய்ப் பசை இருந்தால்தான் அப்பும், கசிவு முன்பே இருந்திருக்கலாம் என்றார்.

தோட்டக்காரர் கூண்டேறி, அடிப்பகுதி வேலை எதுவும் தனக்குத் தெரியாது, எல்லாம் மகன்தான் செய்தான் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அப்பாவும் பிள்ளையும் வீட்டில் அன்று இரவு என்ன பேசிக்கொண்டார்களோ. கம்பெனி உடனே மகனுக்குச் சம்மன் எடுத்தது.

நான் எதிர்பார்த்தது வேறு மாதிரி ஆள். ஜீப்பில் பந்தா காட்டுகிற பையன் வருவான் என்று இருந்தேன். வந்தவர் பொறியியல் படித்துவிட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற, நகக்கண்ணில் கிரீஸ் போகாத இளைஞர். மழைக்காலத்தில் பாதையின் நடுமேட்டில் டிஃபரன்ஷியல் இடித்து வண்டி மாட்டிக்கொள்வதால்தான் உயர்த்தினேன் என்றார். ஏலக்காய் உலர்த்தும் களத்தில், சமதளமான சிமென்ட் தரையில் வைத்து, சித்தப்பா மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். உயர்த்தும் கிட் வந்த அட்டைப்பெட்டியில் இருந்த ஆங்கிலக் குறிப்புத்தாளைப் பத்திரமாக வைத்திருந்து அவரே நீதிமன்றத்தில் கொடுத்தார். அது சான்றாவணமாகக் குறியிடப்பட்டது. கம்பெனி வக்கீல் விலை, பில், யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டு உட்கார்ந்தார். ஆர்.டி.ஓ. அனுமதி எதுவும் வாங்கவில்லை என்ற பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நான் எழுந்தேன்.

"ஷாக்கிள் போல்ட்டுகளை எப்போது இறுக்கினீர்கள், தம்பி?"

"வண்டியைக் கீழே இறக்கி, எடை சக்கரத்துக்கு வந்தப்புறம் சார். தொங்கும்போது இறுக்கினா புஷ் முறுக்கிக்கும்."

"யூ போல்ட்?"

"குறுக்குக் குறுக்கா, டார்க் ரெஞ்ச் வச்சு. கொஞ்ச நாள் ஓட்டிட்டு மறுபடியும் இறுக்கினேன்."

"இதெல்லாம் குறிப்புத்தாளில் இருக்கிறதா?"

"இருக்கு சார்."

"பிரேக் ஹோஸைப் பற்றி அதில் ஏதாவது இருக்கிறதா?"

கொஞ்சம் நேரம் எடுத்தார். "ஆக்சிலை முழுசாத் தொங்கவிட்டு ஹோஸ் நீளத்தைப் பார்க்கணும், பத்தலன்னா மாத்தணும்னு இருக்கு."

"பார்த்தீர்களா?"

"பார்த்தேன் சார். வண்டி தரையில நிக்கும்போது பார்த்தேன். லூஸாத்தான் இருந்துச்சு."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அலட்சியம் என்றதும் பொறுப்பில்லாதவன் செய்வது என்று நினைக்கிறோம். இவர் வேலை பார்த்துக் கொடுத்தால் என் காரை நம்பி ஓட்டிப்போகலாம் என்கிற அளவுக்குக் கவனமானவர். குறிப்புத்தாளில் ஒரு வரியை, அதன் காரணம் புரியாததால், தன் வசதிக்குச் சுருக்கிக்கொண்டார். சட்டம் அளப்பது ஆளின் குணத்தை அல்ல. நியாயமான கவனம் எடுக்கப்பட்டதா என்பதை. எச்சரிக்கை கையில் இருந்து அதைச் செய்யாமல் விட்டவர், முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாத கோளாறு என்று சொல்ல முடியாது. உரிமையாளரின் தற்காப்பு அந்த இடத்தில் முடிந்தது.

வாதுரைக்கு நாங்கள் தயாரானபோது 2019 ஜனவரி. அந்த மாதம் 9-ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்பு மாறும்படி எந்த வாகனத்தையும் மாற்றக் கூடாது என்று 52-ஆவது பிரிவுக்குப் பொருள் சொன்ன தீர்ப்பு. கம்பெனி வக்கீல் அதைப் படித்தபோது அவர் குரலில் தீபாவளி தெரிந்தது. அதோடு 2004-ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் தீர்ப்பையும் எடுத்தார். நிபந்தனை மீறல் விபத்துக்குக் காரணமாக இருந்தால்தான் கம்பெனி தப்ப முடியும் என்று அதில் இருக்கிறது. இங்கே மீறல்தான் காரணம் என்று மனுதாரர் வக்கீலே குறுக்கு விசாரணையில் நிறுவிவிட்டார், அவருக்கு நன்றி என்றார். நீதிபதி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரே சாட்சியை வைத்து இவரைப் பிடிக்கவும் வேண்டும், அவரை விடவும் கூடாது என்கிறீர்கள், சொல்லுங்கள்" என்றார்.

நான் ஜெயச்சந்திராவோடு மல்லுக்கட்டவில்லை. அந்த ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் எண், என்ஜின் எண், நிறம், வீல்பேஸ், இருக்கை, எடை எல்லாம் உண்டு, உயரம் இல்லை என்ற ஒரு வாதத்தை எழுதி வைத்திருந்தேன். அது புத்திசாலித்தனமாக இருந்தது, வழக்குக்கு உதவாது, அடித்துவிட்டேன். மாற்றம் சட்டவிரோதம் என்றே வைத்துக்கொள்வோம் என்று தொடங்கினேன். அதற்குச் சட்டம் என்ன தண்டனை வைத்திருக்கிறதோ அதை உரிமையாளர் அனுபவிக்கட்டும். (அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆக்கிவிட்டது.) ஆனால் மூன்றாம் நபருக்குப் பணம் தராமல் இருக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி என்னென்ன சொல்லலாம் என்பதற்கு 149-ஆவது பிரிவின் 2-ஆவது உட்பிரிவில் ஒரு பட்டியல் இருந்தது. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியது, பந்தயம், பெர்மிட்டில் இல்லாத காரியத்துக்கு ஓட்டியது, சைடு கார் இல்லாத மோட்டார் சைக்கிள், லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர், போர் அல்லது கலவரம், முக்கியத் தகவலை மறைத்துப் பாலிசி எடுத்தது. அந்தப் பட்டியல் மூடிய பட்டியல். வண்டியை மாற்றியமைத்தது அதில் இல்லை. ஸ்வரண் சிங் பேசுவது பட்டியலுக்குள் இருக்கும் லைசென்ஸ் மீறலைப் பற்றி. பட்டியலுக்கு வெளியே நிற்பவருக்கு அந்தத் தீர்ப்பின் வாசலே திறக்காது.

கம்பெனி வக்கீல் விடவில்லை. வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது என்றார். இருக்கிறது, எல்லா மோட்டார் பாலிசியிலும் இருக்கிறது. அது உங்களுக்கும் பாலிசிதாரருக்கும் இடையிலான பேச்சு. போடிமெட்டு ஏறிக்கொண்டிருந்த கொத்தனார் அதில் கையெழுத்துப் போடவில்லை என்றேன். அதே 149-இன் 4-ஆவது உட்பிரிவு, பட்டியலில் இல்லாத காரணங்களால் பொறுப்பைக் குறுக்கும் பாலிசி வாசகம் மூன்றாம் நபருக்கு எதிராகச் செல்லாது என்று சொல்லிவிட்டு, அப்படிக் கொடுத்த பணத்தைப் பாலிசிதாரரிடம் திரும்பப் பெறலாம் என்றும் சொன்னது. அந்த இரண்டாவது பாதியை நான் அழுத்திப் படிக்கவில்லை. நீதிபதி படித்தார்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. கொத்தனார் வருமானத்துக்கு ரசீது ஏது? மாதம் 10,000 என்று தீர்ப்பாயம் நிர்ணயித்தது. 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 14,000. நான்கு பேர் சார்ந்திருந்ததால் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்து 10,500. 38 வயதுக்குச் சர்லா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி பெருக்கி 15. ஆக 18,90,000. மனைவியின் துணையிழப்பு, இறுதிச் சடங்கு, உடைமை இழப்பு ஆகியவற்றுக்கு 70,000. மொத்தம் 19,60,000 ரூபாய், மனு தேதியிலிருந்து 7.5 சதவீத வட்டி. கம்பெனி முதலில் செலுத்த வேண்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பங்கு மேஜர் ஆகும்வரை தேசிய வங்கியில் வைப்பு.

பணம் டெபாசிட் ஆகி, மனைவியும் தாயும் தங்கள் பங்கை எடுத்த பிறகு ஒரு நாள் தோட்டக்காரர் என் அலுவலகத்துக்கு வந்தார். மகன் வாசலில் நின்றார். கம்பெனி வசூல் மனு போட்டிருந்தது. "எங்க வக்கீலவிட நீங்கதான் அந்த வண்டியப் பத்தி நல்லாத் தெரிஞ்சவரு, எங்களுக்கு நீங்களே நடத்துங்கய்யா" என்றார். அவருக்கு எதிராக ஆஜரான வழக்கில் அவருக்காக நான் நிற்க முடியாது என்று விளக்கினேன். அது அவருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யும் நண்பர் ஒருவரின் முகவரியைக் கொடுத்தேன். மேல்முறையீட்டுக்கு முதலில் 25,000 ரூபாய் கட்ட வேண்டும், பணத்தோடு போங்கள் என்றும் சொன்னேன்.

அந்த நண்பர் வசூல் உரிமையை மட்டும் எதிர்த்து மேல்முறையீடு போட்டார். பராமரிப்பு நிபந்தனை என்பது வேண்டுமென்றே பழுதாக வைத்திருப்பதைத்தான் தடுக்கும், ஒரு ஹோஸை அளக்கத் தவறியதை அல்ல என்பது அவர் வாதம். நல்ல வாதம், தீர்ப்பு வரும்வரை போயிருந்தால் எனக்கும் பயன்பட்டிருக்கும். ஆனால் அது லோக் அதாலத்துக்குப் போய்விட்டது. கம்பெனி பாதித் தொகையோடு ஒப்புக்கொண்டது, தோட்டக்காரர் மூன்று தவணையில் கட்டுவதாக எழுதிக்கொடுத்தார். கையெழுத்தாகும் முன் கம்பெனி அதிகாரி, இப்போது அந்த ஜீப் எந்த உயரத்தில் ஓடுகிறது, அடுத்த வருடப் பாலிசி எங்களிடம்தானே எடுக்கிறீர்கள் என்று கேட்டாராம். மகன், பழைய பட்டையையும் பழைய ஷாக்கையும் திரும்ப மாட்டிவிட்டேன், ஹோஸ் மட்டும் நீளமானதுதான் போட்டிருக்கிறேன் என்று சொன்னதாக நண்பர் சொன்னார்.